நியூட்ரல்

தொப்பூர் கணவாயில் இரவு இரண்டு பத்துக்கு
என் கிரேனில் ஏறுவான் மாதேஷ்.
கதவு திறக்காது. நடுசீட்டு கொஞ்சம் அமுங்கும்.
நசுங்கிய தக்காளி வாசம் முதலில் வரும்,
பிறகு அவன்.

"இன்னைக்கு எத்தனைண்ணா?"
"ஒண்ணுதான். சிமெண்ட் லோடு. ஆளுக்கு ஒண்ணுமில்ல."
"பரவால்ல."

சட்டைப் பையிலிருந்து கடலை எடுத்து உடைப்பான்.
தொலி காலடியில் விழுவது காதில் கேட்கும்.
விடிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கீழே இறங்கும் லாரிகளின் நம்பரைப் படிப்போம்,
அவன் எனக்குக் கிளீனராக இருந்த நாளில் படித்தது போலவே.
ராஜஸ்தானுக்கு ஒரு புள்ளி, நாகாலாந்துக்கு இரண்டு.
அவனுக்கு இன்னும் இருபத்திரண்டு வயது.
ஏழு வருஷத்தில் என் காதோரம் நரைத்துப்போனது
அவனுக்குப் பெரிய சிரிப்பு.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால்
கணவாய் முடியும்வரை டீசல் மிச்சம்:
அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.
ஒருநாளும் அவன் இந்தப் பேச்சை எடுத்ததில்லை.
நானும்.
ராயக்கோட்டை மண்டியில் ஏற்றிய நானூறு பெட்டி
ரோடெல்லாம் சிவந்து கிடந்தபோது
எது தக்காளி எது அவன் என்று
குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு லாரியை விற்று கிரேன் வாங்கினேன்.
பெங்களூரில் வேலை வந்தது, போகவில்லை.
பெண் பார்த்தார்கள், போகவில்லை.
இரண்டு பத்துக்கு இந்த வளைவில் இருந்தாக வேண்டும்.

ரோஸ்லின் ஆம்புலன்ஸில் வருபவள்.
நான் சங்கிலி போட்டு இரும்பை இழுப்பேன்,
விலகிய இடைவெளியில் அவள் கை நுழைத்து
யாரோ ஒருவனின் நாடியைப் பிடிப்பாள்.
எங்கள் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது,
அடுத்தவர் ரத்தத்தின் மேல்.
டோல்கேட் கடையில் டீ குடிக்கும்போது ஒருமுறை சொன்னாள்:
"உங்கள ஒருநாள் பகல்ல பாக்கணும்."
நான் கிளாஸைக் கழுவி வைத்தேன்.
கடைக்காரனே கழுவுவான். தெரியும்.

கார்த்திகை மாதம், மழைத் தூறல்.
வேன் ஒன்று கவிழ்ந்து ஆம்புலன்ஸ் நிறைந்துவிட்டது.
"தர்மபுரிவரைக்கும் கொண்டு விடுங்க" என்று
என் வண்டியில் ஏறினாள்.
மணி இரண்டு எட்டு.

நடுசீட்டில் உட்காரவில்லை அவள்.
ஜன்னலோரம் ஒடுங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.
இடம் இருக்கே என்றேன்.
"யாருக்கோ வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."
மூக்கைச் சுருக்கினாள்.
"தக்காளி ஏத்துனீங்களா?"

சீட்டு அமுங்கியது.
அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சின்ன வயதில் என் பரீட்சைத்தாளைத் திருடிப் படித்த அதே சிரிப்பு.
"சொல்லவே இல்லையேண்ணா."
"நீ போயிருவே."
இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
ரோஸ்லின் திரும்பவில்லை.
இறந்தவர்களோடு பேசுகிறவர்களை
அவள் தினமும் பார்க்கிறாள்.

"நீதான் நியூட்ரல்ல நிக்கிற. ஏழு வருஷமா.
வண்டியும் போகாம, என்னையும் எறங்க விடாம.
அன்னைக்கு கியர மாத்தாதது நான், நீயில்ல.
எனக்குத் தூக்கம் வருதுண்ணா."

சீட்டு மேலெழும்பியது.
வெளியே, தகரத்தில், உள்ளங்கையால் இரண்டு தட்டு.
பின்னாலிருந்து கிளீனர் தட்டுவது:
தடையில்லை, எடுக்கலாம்.

கியர் தண்டைப் பிடித்த கை நடுங்கியது.
அதன் மேல் தன் கையை வைத்தாள் ரோஸ்லின்,
நாடி பிடிப்பது போல.
முதல் கியர். பிறகு இரண்டு.
கண்ணாடியில் மழை மட்டும்.

தர்மபுரி வரும்போது வெளுத்துவிட்டது.
இறங்கப் போனவள் குனிந்து பார்த்தாள்.
"கீழ எல்லாம் கடலைத் தொலி. யாரு தின்னது?"

ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாத பெயரை
தொண்டையிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரமானது.
அவள் கதவைத் திறந்தபடி
நின்றுகொண்டிருந்தாள்.